சிறிய பை, பக்கத்து மரம்: குழந்தைகளுடன் வெளியே சென்று வரைவது எப்படி

குழந்தைகளை வெளியே அழைத்துச் சென்று வரைய வைக்கலாம் என்று முதன்முதலாகக் கிளம்பியபோது நான் செய்த பிழை என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. 48 வண்ணங்கள் கொண்ட பெட்டி, மூன்று அளவுத் தூரிகைகள், மடக்கு நாற்காலி, இரண்டு பாட்டில் தண்ணீர், மூடி சரியாகப் பொருந்தாத பசைக் குப்பி என்று அத்தனையையும் சுமந்துகொண்டு, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து ஓர் ஏரிக்கரையை அடைந்தோம். நீலக் குச்சி யாருக்கு என்று எட்டு வயது மகளும் நான்கு வயது மகனும் போட்ட சண்டையில் பொழுது போய்விட்டது. ஏரியை ஒருவரும் வரையவில்லை. திரும்பும் வழியில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, பழைய டிக்கெட் ஒன்றின் பின்புறத்தில், என் கைப்பையில் கிடந்த பேனாவால், மகன் தன் காலருகே சென்ற எறும்பு வரிசையைப் புள்ளி புள்ளியாக வைத்தான். அன்றைய ஒரே படம் அதுதான். கீழே நான் எழுதுவதில் பெரும்பகுதி அந்த டிக்கெட்டிலிருந்து கற்றது: இடம் அருகில் இருக்கட்டும், கருவிகள் குறைவாக இருக்கட்டும், ஒரே இடத்துக்குப் பலமுறை செல்லுங்கள், நீங்களும் உட்கார்ந்து வரையுங்கள்.

இடமும் நேரமும்

நடந்தே சென்று அடையக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பெரிய மரம், சற்றே திறந்த வெளி, உட்கார நிழல், அருகில் கழிப்பறை, இவை போதும். அழகான காட்சி தேவையில்லை. சொல்லப்போனால், பரந்த காட்சி சிறு குழந்தைக்குத் தொல்லை. மலைத்தொடரைக் காட்டி "இதை வரை" என்றால் எங்கே தொடங்குவது என்று பெரியவர்களுக்கே தெரியாது. ஒரு மரத்தின் அடிவேர், ஒரு சுவரின் விரிசல், தேங்கிய மழைநீர் ஆகியவை குழந்தையின் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் அளவானவை.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்வதைப் பலர் சலிப்பு என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், மூன்றாவது முறை செல்லும்போதுதான் குழந்தைகள் உண்மையில் பார்க்கத் தொடங்குகிறார்கள். முதல் முறை ஊஞ்சலும் ஓட்டமும் மட்டுமே கண்ணில் படும். இரண்டாம் முறை சென்றமுறை விட்டுச்சென்ற கல் அங்கேயே இருக்கிறதா என்று தேடுவார்கள். மூன்றாம் முறை "அந்தக் கிளையில் இலை குறைந்திருக்கிறது" என்று ஒரு குரல் எழும். அந்தக் குரல் எழுந்த பிறகு வரைவதற்கு நாம் தனியாகத் தூண்ட வேண்டியதில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை காலை வெயில் ஏறுவதற்கு முன்பும் மாலை வெயில் தாழ்ந்த பின்பும் செல்லுங்கள். நண்பகலை ஒட்டிய சில மணி நேரங்களில் புற ஊதாக் கதிர்களின் வலிமை உச்சத்தில் இருக்கும். தோலுக்கும் கண்ணுக்கும் அது நல்லதல்ல. ஓவியத்துக்கும் அது உதவாது, ஏனெனில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது நிழல்கள் சுருங்கிப் பொருள்கள் தட்டையாகத் தெரிகின்றன. தாழ்ந்த வெயிலில் மரப்பட்டையின் ஒவ்வொரு மேடும் தன் நிழலைப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டு தெளிவாக நிற்கும்.

எவ்வளவு நேரம் இருப்பது என்பதில் பேராசை வேண்டாம். நான்கு வயதுக் குழந்தை பத்து நிமிடம் ஒரே தாளில் இருந்தால் அதுவே நிறைவு. எட்டு வயதுக்கு அரை மணி நேரம் கிடைக்கலாம். முதலில் ஓட விடுங்கள். வந்தவுடன் தாளை நீட்டினால், அடக்கி வைத்த கால்களின் தவிப்பு கைகளைக் கெடுத்துவிடும். மூச்சு வாங்க, வியர்வையோடு வந்து தாமாகவே அருகில் விழும் நேரம் ஒன்று வரும். தாளை அப்போது எடுங்கள்.

ஒரு படமும் தேறாத நாளும் வீண் போவதில்லை. நல்ல வெளிச்சமுள்ள வீட்டு அறையில்கூட ஒளியின் அளவு பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். திறந்த வெளியில் பகலில் அது 10,000 லக்ஸைத் தாண்டும், நேர் வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸை எட்டும். வெளி வெளிச்சத்தில் அதிக நேரம் செலவிடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றும் வாய்ப்பு குறைவு என்பதைக் கண் ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. நிழலில் இருந்தாலும் வெளியில் கிடைக்கும் ஒளி அறையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், இதற்காகக் குழந்தையை வெயிலில் நிறுத்த வேண்டியதில்லை.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஏ4 தாளைப் பாதியாக வெட்டிய துண்டுகள், அவற்றைப் பிடித்து வைக்க ஆளுக்கொரு கெட்டி அட்டை, இரண்டு கிளிப்புகள், மெழுகு வண்ணக்குச்சிகள் ஆறு, மென்மையான பென்சில் ஒன்று. தொடக்கத்தில் இதற்கு மேல் எதுவும் வேண்டாம். மெழுகுக் குச்சிக்குத் தண்ணீர் தேவையில்லை, காய்வதற்குக் காத்திருக்கத் தேவையில்லை, ஒடிந்தாலும் இரண்டு குச்சிகள் ஆகிவிடும். தாள் சிறியதாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு: சீக்கிரம் நிரம்பிவிடும், முடித்த மகிழ்ச்சியோடு குழந்தை ஓடிவிடும்.

அழிப்பானை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இதை நான் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். அழிப்பான் கையில் இருக்கும் குழந்தை, குறிப்பாக எட்டு வயதைக் கடந்த குழந்தை, ஒரே கோட்டை ஐந்து முறை அழித்து, தாள் கிழிந்து, கண்ணீரில் முடிப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அழிக்க வழியில்லாதபோது தவறிப்போன கோட்டின் பக்கத்தில் இன்னொரு கோடு விழுகிறது. முதற்கோடு ஒரு கிளையாகவோ புல்லாகவோ மாறிவிடுகிறது.

சில வாரங்கள் கழித்து நீர்வண்ணத்துக்கு மாறலாம். அதற்குச் சாதாரணத் தாள் சுருண்டுவிடும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள தாள் சமாளிக்கும், 300 கிராம் தாள் நன்றாகவே தாங்கும். மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகிய மூன்று வண்ணங்கள் போதும். பச்சையைத் தனியாக வாங்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். மஞ்சளும் நீலமும் கலந்த பச்சை கண்ணைக் குத்துமாறு பளிச்சென்று இருக்கும். அதில் துளி சிவப்பைச் சேர்த்தால் அது திடீரென்று இலையின் பச்சையாக அடங்கும். அந்த மாற்றத்தைக் குழந்தை தன் கையால் நிகழ்த்திப் பார்க்க வேண்டும். ஒரு பழைய காலுறையின் நுனியை வெட்டி மணிக்கட்டில் மாட்டிவிட்டால் தூரிகை துடைக்கும் துணியைத் தேட வேண்டியதில்லை. கைப்பிடியிலேயே தண்ணீர் அடைத்துக்கொள்ளும் தூரிகை கிடைத்தால், கவிழும் கிண்ணத்தின் தொல்லையும் ஒழியும்.

வெளியே அமர்ந்து வண்ணம் தீட்டுவது நமக்கு எளிதாகத் தோன்றினாலும், ஒரு காலத்தில் ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிச் சுமந்தார்கள். ஊசியால் துளையிட்டுப் பிதுக்கினால் மறுபடி சரியாக மூட முடியாது. 1841இல் ஜான் கோஃப் ரேண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரத்தாலான அமுக்குக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு வந்த தலைமுறை ஓவியர்கள் வயல்களிலும் ஆற்றங்கரைகளிலும் அமர்ந்து வரைந்ததில் அந்தச் சிறு குழாய்க்குப் பெரிய பங்கு உண்டு. இந்தக் கதையை மகளிடம் சொன்ன நாளிலிருந்து, குழாயைக் கடைசிச் சொட்டு வரை சுருட்டிப் பிதுக்குவது அவளுக்கு ஒரு கடமையாகிவிட்டது.

தாய் என்ன செய்ய வேண்டும், என்ன சொல்லக் கூடாது

அருகில் உட்கார்ந்து உங்கள் தாளில் நீங்கள் வரையுங்கள். "எனக்கு வரையத் தெரியாது" என்ற சொல் அந்த இடத்தில் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது, ஏனெனில் அதைக் கேட்டு வளரும் குழந்தை பத்து வயதில் அதே சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லும். உங்கள் படம் மோசமாக இருந்தால் இன்னும் நல்லது. என் நாய் ஆடு போல இருந்த நாளில்தான் என் மகள் மிகுந்த துணிவோடு வரைந்தாள்.

குழந்தைக்கு நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள். "அம்மா, ஒரு பூனை வரைந்து கொடு" என்று கேட்டால், மறுப்பது போலத் தோன்றாமல் கேள்விகளால் உதவலாம்: அதன் காது எப்படி இருக்கும், வால் தரையைத் தொடுமா, உட்கார்ந்திருக்கிறதா ஓடுகிறதா? நாம் ஒரு பூனையை வரைந்து கொடுத்துவிட்டால், அதன் பிறகு அந்தக் குழந்தையின் பூனைகள் எல்லாம் நம் பூனையின் நகல்களாக நீண்ட நாள் நீடிக்கும்.

வயதுக்கு ஏற்ற எதிர்பார்ப்பு இருந்தால் வீண் திருத்தங்கள் குறையும். ஏறத்தாழ ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை கிறுக்கல்தான் வேலை. கை அசைந்தால் தாளில் தடம் விழுகிறது என்பதே அந்த வயதின் பெரும் கண்டுபிடிப்பு. மூன்று, நான்கு வயதில் ஒரு வட்டமும் அதிலிருந்து நேராக இறங்கும் இரண்டு கால்களுமாக மனிதர் தோன்றுவார். உடல் எங்கே என்று கேட்க வேண்டாம், வரும். ஐந்து முதல் எட்டு வயதுக்குள் தாளின் அடியில் தரைக்கோடும், மேலே ஒரு நீலப் பட்டையாக வானமும், நடுவில் வெறுமையும் அமையும். வானம் தரை வரை இறங்குகிறது என்று திருத்தினால் குழந்தை அதை ஒப்புக்கொள்ளாது. அதன் கணக்கில் வானம் மேலே இருக்கிறது, தரை கீழே இருக்கிறது, இடையில் நாம் இருக்கிறோம். ஒன்பது, பத்து வயதில்தான் உண்மையான இடர் வருகிறது. கண் பார்ப்பதற்கும் கை வரைவதற்கும் உள்ள தொலைவு அப்போது குழந்தைக்குத் தெரிய வருகிறது, பலர் அத்துடன் வரைவதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த வயதுக் குழந்தைக்குத் தாளைப் பார்க்காமலே பொருளின் விளிம்பை மட்டும் கண்ணால் மெதுவாகத் தொடர்ந்து, பென்சிலை எடுக்காமல் வரையும் பயிற்சியைக் கொடுங்கள். விளைவு கோணலாகத்தான் இருக்கும், ஆனால் எல்லாருடையதும் கோணலாக இருக்கும் என்பதால் யாருக்கும் வெட்கமில்லை. கோணலுக்குள் ஓர் உயிர்ப்பும் இருக்கும்.

"இது என்ன?" என்ற கேள்வியைத் தவிர்க்கப் பழகுங்கள். கிறுக்கிய குழந்தை, கேள்விக்காக ஒரு பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். "மிக அழகு" என்பதும் அடுத்த படத்துக்கு உதவாது. கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "இந்த ஓரத்தில் பச்சையை அழுத்திப் பூசியிருக்கிறாய்." பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக ஒரு முழுக் கதை வரும்.

தேய்த்து எடுக்கும் அச்சு

எங்கே தொடங்குவது என்று தெரியாத தாய்மார்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான், ஏனெனில் இதில் தோற்கவே முடியாது. நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடாத குழந்தை அரிது; அதே வேலையை மரத்தடிக்குக் கொண்டு போகிறோம்.

கீழே விழுந்த இலைகளில் அதிகம் காயாததாகவும் நரம்பு புடைத்ததாகவும் இருப்பதைத் தேடச் சொல்லுங்கள். நரம்பு புடைத்த பக்கம் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம். எது என்று விரலால் தடவிக் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு. அந்தப் பக்கம் மேலே வருமாறு இலையை அட்டையில் வைத்து, மெல்லிய தாளால் மூடி, தாள் நகராதபடி கிளிப்பால் பிடித்துக்கொள்ளுங்கள். மெழுகுக் குச்சியின் காகித உறையை உரித்துவிட்டு, அதைப் படுக்கைவாட்டில் வைத்து, ஒரே திசையில் இலேசாகத் தேய்க்க வேண்டும். நுனியால் அழுத்தினால் தாள் கிழியும், இலையும் நசுங்கும். முதலில் விளிம்பு தெரியும், பிறகு நடு நரம்பு, பிறகு சிறு நரம்புகளின் வலை ஒவ்வொன்றாக எழும். தாள் கெட்டியாக இருந்தால் இவை எழா. இந்த ஒரு வேலைக்கு மட்டும் மெலிந்த தாளே நல்லது.

இரண்டு மூன்று இலைகளுக்குப் பிறகு குழந்தைகளே ஒரு வேறுபாட்டைக் கவனிப்பார்கள்: புல், மூங்கில் போன்றவற்றின் நரம்புகள் பக்கம் பக்கமாக இணையாக ஓடுகின்றன, மற்ற பல இலைகளில் அவை வலைபோலப் பின்னியிருக்கின்றன. ஒருவிதையிலைத் தாவரம், இருவிதையிலைத் தாவரம் என்ற பாடம் பள்ளியில் வரும்போது அவர்கள் கையில் ஏற்கெனவே சான்று இருக்கும். மரப்பட்டை, செங்கல், சாக்கடை மூடி, மரப்பலகை என்று எதன் மேலும் தேய்க்கலாம். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் தேய்ந்த தரைப்பலகைகளின் மேல் தாளை வைத்துத் தேய்த்து, அந்த வரிகளிலிருந்து காடுகளையும் விலங்குகளையும் உருவாக்கினார். நாமும் அதைச் செய்யலாம்: பட்டையின் அச்சை எடுத்த பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்குள் ஒளிந்திருக்கும் முகத்துக்கு ஒரு கண் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். என் மகன் ஒரு மாதம் முழுவதும் முதலைகளையே கண்டெடுத்தான்.

நிழலும் வெயிலும்

திறந்த தரையில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். விளையாடிவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் நுனி நகர்ந்திருக்கும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால் வானில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வது போலத் தோன்றுகிறது. இதையே ஓவியமாக்க, தாளின் ஓரத்தில் ஒரு பொம்மையை நிறுத்தி அதன் நிழலை ஒரு வண்ணத்தால் வரைந்துகொண்டு, பொம்மையையும் தாளையும் அசைக்காமல் சிறிது நேரம் கழித்து இன்னொரு வண்ணத்தால் மறுபடியும் வரைய வேண்டும். மூன்று நான்கு நிழல்கள் விசிறிபோல விரிந்த படம் கிடைக்கும். தாள் காற்றில் பறக்காமல் நான்கு மூலைகளிலும் கல் வைப்பது மூத்த குழந்தையின் பொறுப்பாக இருக்கட்டும்.

மரத்தடி நிழலுக்குள் சிதறிக் கிடக்கும் ஒளி வட்டங்களைக் காட்டாமல் திரும்பாதீர்கள். இலைகளுக்கு இடையிலான இடைவெளிகள் எந்தக் கோணல் வடிவில் இருந்தாலும், உயரத்திலிருந்து விழும் ஒளிப்பொட்டுகள் வட்டமாகவோ நீள்வட்டமாகவோதான் இருக்கும், ஏனெனில் அவை ஒவ்வொன்றும் சூரியனின் உருவம். ஒவ்வொரு சிறு இடைவெளியும், லென்ஸ் இல்லாமல் சிறு துளை வழியாகவே உருவத்தை விழவைக்கும் ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்கிறது. பகுதிச் சூரிய கிரகணத்தன்று அவை அனைத்தும் பிறைகளாக மாறிவிடும். கணக்கில் ஆர்வமுள்ள குழந்தை இருந்தால், பொட்டின் குறுகிய அகலத்தை அளந்து 110ஆல் பெருக்கச் சொல்லுங்கள். ஒளிக்கதிர் வழியே அந்த இடைவெளி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். மூன்று சென்டிமீட்டர்ப் பொட்டு என்றால் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். இளையவர்கள் தாளைத் தரையில் வைத்து அந்தப் பொட்டுகளுக்குள் மஞ்சள் பூசினால் போதும். காற்றில் கிளை அசைய, பொட்டுகள் ஓட, அவற்றைத் துரத்திப் பூசுவதில் கிடைக்கும் சிரிப்பைத் தனியாக எழுதிக் காட்ட முடியாது.

வெயிலே படம் வரைவதையும் காட்டலாம். 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில அறிவியலர் இரும்பு உப்புகளைக் கொண்டு நீல அச்சு எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி அதே முறையில் கடற்பாசிகளின் உருவங்களைத் தாளில் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். ஹெர்ஷல் தாவரச் சாறுகளைக் கொண்டும் சோதனை செய்தார். அந்தச் சாற்று முறை குழந்தைகளுக்கு ஏற்றது. மஞ்சள்தூள் தண்ணீரில் நன்றாகக் கரையாது, சாராயக் கரைசலில் கரையும். ஆகவே மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தூளைக் கலக்கி வடிகட்டும் வேலையைத் தாயே, அடுப்பிலிருந்து விலகி, காற்றோட்டமான இடத்தில் முடித்துவிட வேண்டும். வடித்ததைத் தாளில் பூசி இருட்டில் காயவைத்து, மறுநாள் அதன் மேல் ஓர் இலையை வைத்துக் கண்ணாடிச் சட்டத்தால் அழுத்தி வெயிலில் வையுங்கள். சில மணி நேரத்தில் திறந்த பகுதி வெளுக்கும், இலைக்கு அடியில் மஞ்சள் நிற்கும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரைத் தூரிகையால் தடவினால் நின்ற மஞ்சள் செந்நிறச் சாயலுக்கு மாறும். கீரைச் சாற்றிலும் செய்யலாம், ஆனால் அதற்கு நாள்கணக்கில் வெயில் தேவை. நான்கு வயதின் பொறுமை அத்தனை நாள் நிற்பதில்லை. அவசரக்காரர்களுக்கு மலிவான வண்ணத்தாள் போதும்: சாவியையும் இலையையும் அதன் மேல் வைத்து வெயிலில் விட்டால், சாயம் வெளுத்து உருவம் நிற்கும்.

மண், இலை, மேகம்

வெவ்வேறு இடங்களின் மண்ணைச் சிறு டப்பாக்களில் சேர்த்து, உலர்த்தி, மெல்லிய துணியில் சலித்து, வெள்ளைப் பசையும் தண்ணீரும் கலந்தால் வண்ணம் தயார். சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் மண்ணிலுள்ள இரும்புச் சேர்மங்களால் வருகின்றன. குகைச்சுவர்களில் மனிதர் தீட்டிய பழமையான செந்நிறமும் அதே இரும்பின் நிறம்தான்.

விழுந்த இலை, விதை, கூழாங்கல் ஆகியவற்றைத் தரையிலேயே அடுக்கி வடிவங்கள் அமைப்பது எல்லா வயதினரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. நிறம் மாறும் வரிசையில், அடர் பச்சையிலிருந்து மஞ்சள் வழியாகப் பழுப்பு வரை, ஒரு நீண்ட பாம்பை அடுக்கச் சொன்னால் மூன்று வயதுக் குழந்தையும் பங்கெடுக்கும். செடியிலிருந்து பறிக்கக் கூடாது என்பதை விதியாக வையுங்கள். முடிந்ததும் மேலிருந்து ஒரு புகைப்படம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுச்செல்லுங்கள். அடுத்த முறை வரும்போது காற்று எவ்வளவு கலைத்திருக்கிறது என்று பார்க்கலாம்.

மேகத்துக்கு நீலத்தாளும் வெள்ளை மெழுகுக் குச்சியும் எடுத்துச் செல்லுங்கள். 1802இல் லூக் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் மேகங்களை வகைப்படுத்திப் பெயரிட்டார். அவருடைய மூன்று அடிப்படை வகைகளைத் தமிழில் கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்கிறோம். இம்மூன்றையும் இனங்காணக் குழந்தைக்கு ஒரு வாரம் போதும். மல்லாந்து படுத்துக்கொண்டு வரைவது என்பதே அவர்களுக்குப் பாதி மகிழ்ச்சி.

ஓவியக் கூடத்துக்குச் செல்லும் நாள்

மழைக்காலத்தில் ஒருமுறையாவது ஓவியக் கூடத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ செல்லுங்கள், ஆனால் முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்று எண்ணாதீர்கள். மூன்று படங்கள், ஒரு மணி நேரம், பிறகு வெளியே. ஒவ்வொரு படத்தின் முன்பும் தரையில் அமர்ந்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து, நினைவிலிருந்து என்னென்ன இருந்தன என்று சொல்லும் விளையாட்டைக் குழந்தைகள் விரும்புவார்கள். பல கூடங்களில் பேனாவும் வண்ணமும் அனுமதிக்கப்படுவதில்லை, பென்சிலுக்குத் தடையிருப்பது அரிது, நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முழுப் படத்தையும் வரையாமல், ஒரு கையை மட்டும், ஒரு குதிரையின் காதை மட்டும் வரையச் சொல்வது நல்லது.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

தாய் வரைவதில் ஆழ்ந்துவிடுவது உண்டு. ஆகவே நீர்நிலை அருகே மட்டும் இந்த வழிகாட்டியின் அறிவுரையை மீறி, நீங்கள் வரையாமல் குழந்தையைப் பாருங்கள். சிறு குழந்தை சத்தமில்லாமல் மூழ்கும். கைக்கெட்டும் தொலைவு என்பதே பாதுகாப்பான தொலைவு.

அரளியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடும் பாதிப்பு நேரும். ஊமத்தையின் விதையும் காயும் உயிருக்கே ஆபத்தானவை. உடைத்தால் பால் வடியும் எந்தச் செடியையும் தொட வேண்டாம் என்று பொதுவாகவே சொல்லிவையுங்கள். பொந்துகளிலும் கல்லுக்கடியிலும் கைவிடக் கூடாது. மண்ணில் விளையாடிய கையைச் சோப்பால் கழுவிய பிறகே சாப்பாடு.

மின்னலைக் கண்டதிலிருந்து இடியைக் கேட்பது வரை நொடிகளை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ மூன்று நொடி ஆகும் என்பதால், 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ செல்ல வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் உள்ளேயே இருப்பது நல்லது.

வீடு திரும்பிய பிறகு

அன்றிரவே ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் தேதி, இடம், குழந்தை சொன்ன ஒரு வாக்கியம் ஆகியவற்றை எழுதுங்கள். மறுநாள் கேட்டால் வேறு கதை வரும். குழந்தையின் சொற்களைத் திருத்தாமல், அது சொன்னபடியே எழுதுங்கள். எல்லாப் படங்களையும் சுவரில் ஒட்ட முடியாது; மாதம் ஒருமுறை குழந்தையோடு உட்கார்ந்து, எது சுவருக்கு, எது பெட்டிக்கு, எது போகலாம் என்று அதையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நமக்குப் பிடித்த படத்தை அது "போகலாம்" என்று ஒதுக்கும்போது வாயைத் திறக்காமல் இருப்பது கடினம். நான் சிலவற்றைப் பிறகு இரகசியமாக எடுத்து வைத்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

மெழுகு படங்களுக்கு இடையே ஒரு வெள்ளைத்தாள் வையுங்கள், இல்லாவிட்டால் வெயில் காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் அச்சுகளைச் சுவரில் மாட்ட வேண்டாம். எந்த வெளிச்சம் அவற்றை உருவாக்கியதோ அதுவே அவற்றை மெல்ல மெல்ல அழித்துவிடும். எங்கள் வீட்டில் அவை ஒரு தடித்த அகராதியின் பக்கங்களுக்கு நடுவே இருக்கின்றன. விருந்தினர் யாராவது கேட்டால் மகள் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அகராதியைத் திறந்து, பத்து வரை எண்ணி, மூடிவிடுகிறாள்.